காக்காவைத் தாத்தாங்கிறான்!

மாப்ள, வந்ததும் வராததுமா பிள்ளையைத் தூணோட நிப்பாட்டி, "க சொல்லு, க சொல்லு"ன்னு பிராணனை வாங்குறீகளே, அவன் உங்ககிட்ட என்ன கடனா பட்டிருக்கான்?

காக்காவைப் பாத்து "தாத்தா"ங்கிறான். நானும் நம்மளைத்தான் கூப்பிடுறான்னு ரெண்டு தடவை "என்னய்யா"ன்னுட்டேன். நிறத்துல பெரிய வித்தியாசம் இல்ல, விடுங்க. ஆனா கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. காய்க்குத் தாய், கட்டுக்குத் தட்டு, கைக்குத் தை. 'க' வர்ற இடத்துலயெல்லாம் தவறாம 'த'. உங்க கடைக் கணக்கு நோட்டுல இந்த ஒழுங்கு உண்டா? நாக்கோட பின்பக்கம் எழும்பி மேல ஒட்ட வேண்டிய சத்தத்தை, நுனியிலயே பல்லுக்குப் பக்கத்துல முடிச்சுக்கிறான். ரொம்பப் பிள்ளைக இப்படித்தான் ஆரம்பிக்கும். மூணரை, நாலு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா விட்டுரும்.

'ர'வுக்கு 'ல' போடுறானே, அதுக்கு இன்னும் வயசு இருக்கு. மரத்தை அவன் சொல்ற மாதிரி நாலு பேர் முன்னால சொல்ல முடியாதுதான். ஆனா ர, ழ ரெண்டும் கடைசியா வர்ற சத்தம். பள்ளிக்கூடம் போன பிறகும் சில பிள்ளைகளுக்கு இழுக்கும். நீங்களே நேத்துப் பந்தியில "வாளப்பளம்" கேட்டீக. நான் உங்களைத் தூணோட நிப்பாட்டுனேனா?

நீங்க வேணும்னே, "தாத்தா பறக்குதா"ன்னு கேட்டதும் முறைச்சான் பாருங்க! "தாத்தா இல்ல, தாத்தா!"ன்னான். அவன் காதுல ரெண்டும் வேற வேற. அமெரிக்காவுல பெர்கோ, பிரவுன்னு ரெண்டு பேர் 1960-லயே இதை எழுதி வச்சிருக்காக. ஒரு பய மீன் பொம்மையை "ஃபிஸ்"ஸுன்னானாம். "இது உன் ஃபிஸ்ஸா?"ன்னு கேட்டா, இல்லைன்னு மறுத்துட்டானாம். "ஃபிஷ்ஷா?"ன்னு கேட்டதும், "ஆமா, என் ஃபிஸ்"ஸுன்னானாம். உங்க வாயில தப்பைப் பிடிச்சுட்டு, தன் வாயில கோட்டை விடுறான். இவன்கிட்ட நூறு தடவை "சொல்லு"ன்னா உங்க தொண்டைதான் கட்டும்.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு பாக்குறீகளா? என் மூத்த மக பையனுக்கும் இதே பாடு. பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணுகிட்ட கூடப் போயி, ஓரமா வெத்தலையை மென்னுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தவன் நான்.

மூணு வயசுப் பிள்ளை பேச்சு, வெளியாளுக்கு முக்காவாசி புரியணுமாம். நாலுல ஏறக்குறைய எல்லாமே. வெளியாளுன்னா நீங்களும் நானும் இல்ல, பஸ் கண்டக்டர். இவனுக்கு நாலு முடிஞ்சிருச்சு, கண்டக்டர் முழிக்கிறாரு. அதனால "தானா வந்துரும்"னு இனிமே காலாட்டிக்கிட்டு உக்காரவும் முடியாது. முதல்ல காதைப் பாக்கணும். அடிக்கடி சளி பிடிச்சு உள்ள நீர் கோத்திருந்தா சத்தம் மங்கலாத்தான் கேக்கும். ஒரே சொல்லை மூணு தடவை மூணு விதமாச் சொல்ற பிள்ளைன்னா அது வேற கதை, அதுக்கு வைத்தியமும் வேற.

நாக்குக்கு அடியில வெட்டணும்னு யாரோ உங்க காதுல ஓதியிருக்காக போல. 'க'வுக்கு நாக்கு நுனியே வேணாமே மாப்ள, அங்க வெட்டி என்னத்துக்கு? விசில் ஊதுறது, ஸ்ட்ராவுல உறிஞ்சுறது, கன்னத்தை உப்புறது, இதெல்லாம் பிள்ளைக்கு நல்ல விளையாட்டு. பேச்சைத் திருத்தும்னு சாட்சியம் இல்ல. அப்புறம் அந்த மடியில முடிஞ்சு வச்சிருக்கீகளே, வசம்பு. பேரே சொல்லக் கூடாதுன்னு வச்ச மருந்தைத் தடவி, பிள்ளைக்குப் பேச்சு வரவழைக்கப் போறீகளாக்கும்! டாக்டர்மாரு வேணவே வேணாங்கிறாக.

அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணு மூத்தவ பையனுக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? விறகுக்கட்டு ஒரு படம், சாப்பாட்டுத் தட்டு ஒரு படம். பய கட்டைக் கேக்க நினைச்சுத் "தட்டு"ன்னான். மறுபேச்சு இல்லாம தட்டை எடுத்து நீட்டிருச்சு. பயலுக்குக் கோவம். திரும்பவும் கேட்டான், திரும்பவும் தட்டு. அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! தான் சொன்னதுதான் தனக்கு வினையா வந்திருக்குன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. 1981-ல வீனர்னு ஒருத்தர் ரெண்டு பிள்ளைகளை வச்சு எழுதின முறையாம் இது. சத்தம் பழக்குறதுக்கு, நாக்கு நுனியை ஐஸ் குச்சியால லேசா அமுக்கிக்கிட்டு "த" சொல்லச் சொல்லுச்சு; நாக்குக்கு வேற போக்கிடம் இல்லாம "க" வந்து விழுந்துச்சு. குச்சி வேலையை அந்தப் பொண்ணே பாக்கட்டும், நீங்க கையை வைக்காதீக.

உங்களுக்கு லேசான வேலைதான். அவன் காக்காவைக் காட்டித் "தாத்தா"ன்னா, "ஆமாய்யா, காக்கா பறக்குது, கறுப்புக் காக்கா"ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. திருப்பிச் சொல்லச் சொல்லாதீக, விருந்தாளுக முன்னால சொல்லிக்காட்டி சிரிக்கவும் கூடாது. வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷுன்னு பழியை அதுமேல போடுறதையும் விடுங்க, அதுனால இது வர்றதில்ல.

நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போயி, பிள்ளைக வளர்ச்சிக் குறையைப் பாக்குற டி.இ.ஐ.சி. மையம் எங்கன்னு கேளுங்க. காசு கேக்க மாட்டாக, பையைத் தடவாதீக. பிள்ளையை அவங்கம்மா தூக்கட்டும், நீங்க சீட்டு வாங்க வரிசையில நில்லுங்க. வசம்பை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க, குதிர்ல நெல்லுக்குப் பூச்சி விழுந்திருக்கு.