நடமாடும் வீட்டுக்கு மனையடி சாஸ்திரம்

நின்ற இடத்தில் நிற்கும் வீட்டுக்கு மனை பார்க்க நம்மிடம் நூல்கள் உண்டு. காருக்குப் பின்னால் கேரவன் என்னும் வீட்டையே கட்டி இழுத்துப் போகும் பிரிட்டிஷ்காரருக்கு அப்படி ஒன்று இல்லாத குறையை நீக்கவே இவ்வாய்வு. (படப்பிடிப்பில் நடிகர் கதவைச் சாத்திக்கொள்ளும் கேரவன் இதில் அடங்காது.)

இத்துறையின் ஆதிபுருஷர் டாக்டர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885இல், பிரிஸ்டலில் செய்த 'வாண்டரர்' வண்டியில் இரண்டு குதிரை பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். எதிரே வருவோரை எச்சரிக்க அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றார். அந்தப் பதவி இன்று, வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில் மழையில் நின்று கையாட்டும் மனைவியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் நிலம். ரசமட்டம் வைத்துப் பார்க்க. வண்டி சாய்ந்து நின்றால் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி சரியாகக் குளிராது. லிண்டன் மரத்தடி நிழலுக்கு மயங்கற்க. அதிலுள்ள அசுவினிப் பூச்சிகள் கூரை முழுக்கப் பசையைச் சொரியும்.

மின் இணைப்பில் 16 ஆம்பியர் உத்தமம், 10 மத்திமம். 230 வோல்ட்டில் பத்து ஆம்பியர் என்றால் 2,300 வாட். கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் இருள். தேநீரா, வெப்பமா என்னும் இத்தருமசங்கடத்தில் ஆங்கிலேயர் குளிரில் நடுங்கித் தேநீர் குடிப்பர் என்பது எம் துணிபு.

திசை பற்றிய வாதமே தலையாயது. கேரவனின் கழிப்பறைத் தொட்டியைக் கையால் சுமந்துபோய்க் கொட்டவேண்டும். நிறைந்தால் ஏறத்தாழ இருபது கிலோ. சுமப்பவர் எதிர்ப்படுவோரிடம் வானிலை பற்றி மட்டுமே பேசுவது மரபு. ஆகவே கொட்டும் இடம் அருகில் வேண்டும் என்பர் ஒரு சாரார். மூக்குள்ளோர் அதை மறுப்பர். பிரிட்டனில் பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. எனவே கொட்டும் இடத்துக்குக் கன்னி மூலையில் மனை கொள்க. வாஸ்துவும் வளிமண்டலவியலும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுவாகலாம்.

அண்டை வண்டிக்கு ஆறு மீட்டர் இடைவெளி என்பது தீ பரவாமலிருக்க வந்த விதி. குறட்டைக்கு அது போதாது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிம விதியிலிருந்து விலக்குப் பெற்ற சங்கங்கள் ஐந்து வண்டிகள் வரை நிற்கும் சிறு முகாம்களுக்குச் சான்று தரலாம். பண்ணை ஓரத்து அத்தகைய முகாமே உத்தமோத்தமம்.

இவ்விதிகள் யாவும் பொழுதோடு வந்து சேர்ந்தவர்க்கே. இருட்டிய பின் மழையில் வருவோர் காலியாக இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.