ரூம் போட்ட தலைவர்

பழவேற்காடு ஏரியைப் பற்றிச் சென்னையில் யார் கூட்டம் போட்டாலும், கோட்டைக்குப்பத்திலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு மீனவத் தலைவர் கிளம்பிவிடுவார். ஆண்டிக்குப்பத்திலும் நடூர்மாதாகுப்பத்திலும் இவருக்கு ஜோடி உண்டு. பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல். ஒரு நாள் கூட்டமென்றால் இருட்டுவதற்குள் வீடு. இரண்டு நாள் என்றால்தான் யோகம்: எழும்பூர்ப் பக்கம் சுமாரான ஓட்டலில் மூன்று பேருக்கு ஒரு ஏசி ரூம்.

லாபி சோபாவில் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். வாசலில் நின்று நாலு பக்கமும் நோட்டம் விட்ட பிறகுதான் தீர்ப்பு: "எடம் சோக்கான எடம். ஸ்டேஷன் கிட்ட, எதிர்ல டீக்கடை, சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டு நடக்கிற தூரம்." மெத்தை, டிவி, வைஃபை எல்லாம் அவர் கணக்கிலேயே வராது. ரூமுக்குள் போனதும் ஜன்னலைத் தள்ளிப் பார்ப்பார். திறக்காது. "காத்த வெளிய நிக்க வெச்சுட்டு, மிஷின்ல போட்டு விக்கிறான் பாரு!"

விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஓட்டலில் இட்லி, பொங்கல் மூடியைத் திறப்பதற்குள் மார்க்கெட் போய் இறால் விலை விசாரித்து, ஊரில் ஏஜெண்ட் தரும் விலையோடு ஒப்பிட்டு, வயிறெரிந்து திரும்பியிருப்பார். மத்தியானம் நண்டு மசாலா வந்ததும் சர்வரிடம் ஒரே கேள்வி: "எந்த ஏரிப்பா?" "கிச்சன்ல கேட்டுச் சொல்றேன் சார்." பதில் வருவதற்குள் காலை உடைத்து முகர்ந்திருப்பார். "கேக்க வேணாம். இது கடல் நண்டு. ஐஸ்ல ரெண்டு நாள் தூங்கியிருக்குது."

பணம் கட்டுவது கூட்டம் நடத்துகிறவர்கள். பில்லைத் தணிக்கை செய்வது இவர். 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது அவருக்கு மனப்பாடம். பகல் 12 மணி செக்-அவுட் என்ற பலகையைக் கண்டால் மட்டும் ரத்தம் கொதிக்கும்.

"சாயங்காலம் ஆறுக்கு வந்தவன் ஆறுக்குத்தானேம்மா போவணும்?"

"ரூல் அப்படித்தான் சார்."

"இன்னாம்மா ரூலு? எங்க ஊர்ல டச்சுக்காரன் ரூம் போட்டான். 1613-ல ஜெல்ட்ரியான்னு கோட்டையே கட்டிக்கினான். நடுவுல இங்கிலீஷ்காரன் ரெண்டு தபா வெளிய தள்ளியும், ஒரேயடியா செக்-அவுட் ஆனது 1825-ல. நான் ஆறு மணிநேரம்தான் கேக்குறேன்!"

ரிசப்ஷன் பெண் சிரித்துவிட்டு இரண்டு மணிநேரம் தருவாள். அதையே ஊரில் நாலு மணிநேரமாகச் சொல்வார்.

எல்லா ரூலோடும் மல்லுக்கு நிற்கிறவர் 'பாடு' என்ற ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டவர். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் விழாது. அதனால் இந்த மூன்று குப்பங்களிலும் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. ரூமிலும் அதே சட்டம். கட்டிலில் இரண்டு பேர், ஏசிக்கு நேர் கீழே தரையில் எக்ஸ்ட்ரா மெத்தையில் ஒருவர். ஓட்டல் லெட்டர்பேடைக் கிழித்து மூன்று சீட்டு எழுதி, டீ கப்பில் போட்டுக் குலுக்குவார். தரை அவருக்கே விழும்.

"மாமா, நீங்க பெரியவரு. மேல படுங்க, நான் கீழ படுத்துக்கிறேன்."

"இன்னிக்கு இங்க மாத்துனா நாளைக்கு ஏரியில எவன் மதிப்பான்? படு."

ஏசியையாவது அணைக்கலாம். கட்டில் சீட்டு விழுந்தவர்களின் பங்கில் கை வைப்பது அதைவிடப் பெரிய குற்றம். ஓட்டல் டவலைத் தலையில் கட்டி, இன்னொன்றைப் போர்த்திக்கொண்டு விடியவிடிய நடுங்குவார்.

மறுநாள் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், பாடு எப்படி இத்தனை காலம் நிலைத்தது என்று கேட்பார். தலைவர் மைக்கை வாங்குவார். வரிசையாக ஐந்து தும்மல். பக்கத்தில் இருக்கும் இருவரும் தரையைப் பார்ப்பார்கள்.