சுத்தி எல்லாம் கடல், குளிக்கத்தான் தண்ணி இல்லை

பசிபிக் பெருங்கடல்,
ஆக்லாந்துக்கு ரெண்டு நாள் முன்னால

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் காலத்துல எவ கடுதாசி எழுதுவான்னு நெனைப்பீக. வாட்ஸ்அப்புல எழுதினா உங்களுக்கு முன்னாடி அண்ணன் படிச்சிருவாக. படிச்ச கையோட, "மாப்ளே, உங்களப் பத்தி என் தங்கச்சி என்னமோ எழுதியிருக்கா"ன்னு இவுகளுக்கே போன் போட்டுருவாக. அதான் காகிதம். ஆக்லாந்துல இறங்கினதும் தபால்ல போடுதேன். வந்தா நீங்க மட்டும் படிங்க.

பிள்ளைங்க செஞ்ச வேலைதான் தெரியுமே. இவுக எழுபது வயசுக்குப் பீமரத சாந்தி, தென்காசியில காசி விசுவநாதர் சன்னதியில வச்சுக்கிடுவோம்னு நான் சொல்லிட்டே இருந்தேன். "நியூஜெர்சியில பனி அள்ளினது போதும், உலகத்தைச் சுத்திட்டு வாங்க"ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கப்பல் டிக்கெட்டை நீட்டிட்டாங்க. ஜனவரியில புளோரிடாவுல ஏறினோம். மே மாசந்தான் இறக்கி விடுவாங்க.

ஏறின அன்னைக்கே முதல் சண்டை. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் போய், உயிர் தப்பிக்கிற படகு எங்க இருக்கு, மிதவைச் சட்டையை எப்படி மாட்டணும்னு பாத்தாகணும். 1912ல டைட்டானிக் முங்கின பிறகு வந்த சட்டம். 2012ல இத்தாலிக்குப் பக்கத்துல கோஸ்டா கான்கார்டியா கவுந்ததுக்கு அப்புறம், பயிற்சி முடியாம கப்பல் நகரக் கூடாதுன்னு இன்னும் இறுக்கிட்டாங்க. சொல்லிக் குடுத்த பொண்ணுகிட்ட இவுக, "தண்ணியில விழுந்தா எனக்குக் கவலை இல்லம்மா, நான் குற்றாலம்"னு சொன்னாக. அந்தப் பொண்ணு அதை ஏதோ வியாதின்னு நெனச்சிருக்கும் போல. டாக்டர் எந்தத் தளத்துல இருக்காருன்னு கை காட்டுச்சு.

அறையைப் பத்திச் சொல்லணும். பால்கனியோட சேத்தாலும் இருநூறு சதுர அடி இருந்தா அதிகம். கட்டிலைச் சுத்தி வர ஒரு ஆளுக்குத்தான் வழி. நான் பீரோவைத் திறந்தா இவுக பால்கனிக்குப் போகணும். இவுக செருப்பு மாட்டுறதா இருந்தா நான் கட்டில் மேல ஏறணும். கல்யாணம் ஆன நாள் முதலா இவுக ஆபீஸ், நான் ஆஸ்பத்திரி நைட் ஷிப்ட், நடுவுல பிள்ளைங்கன்னு ஓடிப்போச்சு. இவுக தூங்கும்போது மலையாளத்துல கணக்குச் சொல்லுறது எனக்கு இப்பத்தான் தெரியும். எழுந்ததும் கேட்டா, சின்ன வயசுல புனலூர்ல சித்தப்பா மிளகுக் கடையில இருந்தாகளாம். எத்தனை வருசம் கழிச்சு வருது பாருங்க.

விளக்கு ஏத்த முடியாது. ஊதுபத்தி, சூடம், மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, காபி போடுற கெட்டில் எல்லாத்தையும் வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டு ரசீது குடுத்துட்டாங்க. நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்க ஓடுறது, நியாயந்தான். வெள்ளிக்கிழமைக்கு பேட்டரி விளக்கு ஒண்ணு வச்சிருக்கேன். சுவிட்சைப் போட்டுக் கும்பிடுதேன்.

குளிக்கிற கதைக்கு வாரேன். குளியலறையில கையை மடக்கினா முழங்கை சுவத்துல இடிக்கும், நீட்டினா கதவுக்கு வெளிய போகும். குழாய்ல வர்றது கடல் தண்ணிதான், கப்பலுக்குள்ளயே உப்பைப் பிரிச்செடுத்து நல்ல தண்ணி ஆக்குதாங்க. இவுக முதல் நாள் உள்ள போயிட்டு ஈரத்தலையோட வெளிய எட்டிப் பாத்து, "ஏட்டி, தண்ணி முதுகுல விழவே மாட்டேங்கு. இது குளியலா? கோயில்ல தீர்த்தம் தெளிக்கதுக்குக் கூட இதைவிட வேகம் உண்டு"ன்னாக. குற்றாலத்துப் பொங்குமாங்கடல்ல விழுந்து பாதி வேகம் அடங்கின பிறகும் பேரருவித் தண்ணி முதுகை என்ன பாடு படுத்தும்! அதுல நின்ன ஆளை இந்தத் தூவானத்துல நிக்க வச்சா என்ன செய்வாக? மேல் தளத்துல நீச்சல் குளம் இருக்கு. கொஞ்சம் அலை அடிச்சாலும் தண்ணியை வடிச்சு வலை போட்டுருவாங்க. அன்னைக்கெல்லாம் இவுக அறைக்கு வந்து, "குளிக்கத் தடை"ன்னு தினத்தந்தி செய்தி வாசிக்க குரல்ல சொல்லிட்டுப் படுத்துக்கிடுவாக.

குளத்தைச் சுத்திச் சாய்வு நாற்காலி. விடியக்காலை ஆறு மணிக்கே வெள்ளைக்காரங்க துண்டைப் போட்டு இடம் பிடிச்சிட்டுச் சாப்பிடப் போயிருதாங்க. அரை மணி நேரத்துக்கு மேல ஆள் இல்லைன்னா எடுத்துருவோம்னு கப்பல்காரங்க போர்டு வச்சிருக்காங்க, யாரும் எடுக்கக் காணோம். இவுகளுக்கு ஏக சந்தோசம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துண்டு போட்டவுக இல்லையா? இப்போ ஜெர்மன்காரர் ஒருத்தருக்கும் இவுகளுக்கும் தினமும் போட்டி. ஜெயிச்சு இடம் பிடிச்ச நாள்ல கூட ஒரு தடவை உக்காந்தது இல்லை. வெயிலாம்.

பனாமா கால்வாய்தான் எனக்குப் பிடிச்ச நாள். 1914ல திறந்தது, எம்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். மூணு படியாக் கப்பலை 26 மீட்டர் உயரத்துக்கு ஏத்தி காடூன் ஏரியில விடுதாங்க, அந்தப் பக்கம் திரும்ப இறக்குதாங்க. பம்பு ஒண்ணும் கிடையாது மதினி. ஏரித் தண்ணி தானாச் சரிஞ்சு வந்து அறையை நிரப்ப, நம்ம கப்பல் சத்தமில்லாம மேல எழும்புது. ரெண்டு பக்கமும் தண்டவாளத்துல குட்டி எஞ்சினுங்க கம்பியால கப்பலைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. அதுக்குப் பேரு கோவேறு கழுதை. ஒரு கப்பல் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள கிட்டத்தட்ட இருபது கோடி லிட்டர் நல்ல தண்ணி கடல்ல போய்ச் சேருதுன்னு ஒலிபெருக்கியில சொன்னாங்க. இவுக நெஞ்சுல கையை வச்சிட்டாக. 2023ல மழை பொய்ச்சு ஏரி இறங்கினப்போ, நாளைக்கு இத்தனை கப்பல்தான்னு குறைச்சுட்டாங்களாம். சாரல் இல்லாத வருசம் ஐந்தருவியில கடை போட்டவன் பாடுதான் அங்கயும்.

அங்க இன்னொரு கதையும் சொன்னாங்க. 1928ல ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன்னு ஒரு அமெரிக்கர் அந்தக் கால்வாயை நீந்தியே கடந்திருக்காரு. அவரையும் ஒரு கப்பலா வச்சு, எடைக்குத் தக்கன 36 சென்ட் சுங்கம் வாங்கியிருக்காங்க. எங்க கப்பல் லட்சக்கணக்கான டாலர் கட்டுது. "36 சென்ட்டுக்கு அத்தனை தண்ணி! குடுத்து வச்ச பய"ன்னு இவுக அன்னைக்குப் பூரா பெருமூச்சு விட்டாக.

பனாமாவுல இருந்து டாகிட்டிக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நடுவுல நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது ஒரு கூத்து நடத்துவாங்க. கடல் ராசா வேசம் போட்ட ஒருத்தர் வந்து, முதல் தடவை தாண்டுறவங்களை உக்கார வச்சுத் தலையில ஊத்துவாரு. ஊத்துதாங்கன்னு கேட்டதும் இவுக துண்டைக் கட்டிக்கிட்டு வரிசையில முதல் ஆளா நின்னாக. ஊத்தினது ஐஸும், பச்சைக் கலர்ல கொழகொழன்னு என்னத்தையோ கரைச்ச கலவையும். அதுக்கு மேல ஒரு முழு மீனை நீட்டி முத்தம் குடுக்கச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை வேற. நாங்க சைவப் பிள்ளைமாருன்னு அந்த ராசாவுக்கு இங்கிலீஷ்ல விளக்கி முடிக்கதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. பச்சைக் கலர் இவுக காதுக்குப் பின்னால இன்னும் இருக்கு.

வெள்ளிக்கிழமைன்னதும் ஞாபகம் வருது. நேத்து ஒரு வெள்ளிக்கிழமையை முழுசா எடுத்துட்டாங்க! வியாழக்கிழமை ராத்திரி படுத்தோம், எந்திரிச்சா சனிக்கிழமை. தேதிக் கோட்டைத் தாண்டிட்டோமாம். என் விளக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். இவுகதான் கணக்காளர் ஆச்சே, உடனே கடுதாசி உறையைத் திருப்பிக் கணக்குப் போட்டாக. மேக்கால போகப் போகச் சில ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுதாங்க. உலகம் சுத்தி முடிக்கும்போது அப்படி வரவு 24 மணி நேரம், செலவு இந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆக இருப்பு பூச்சியம். கணக்கு சரிதான். ஆனா வரவு வந்த ஒவ்வொரு மணி நேரமும் விடியக்காலம் மூணு மணிக்கு "காப்பி கிடைக்குமா"ன்னு கேக்கதுக்குத்தான் ஆச்சு.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. காலையில ஆரம்பிச்சா நடுராத்திரி வரைக்கும் எதையாவது வச்சுக்கிட்டே இருக்காங்க. வாசல்ல ஒரு பையன் கையில மருந்தை ஊத்திப் பாட்டுப் பாடிக் கழுவச் சொல்லுவான். வயித்துப்போக்கு ஒருத்தருக்கு வந்தா கப்பல் பூரா பரவிரும்னு பயம். பரிமாறுறதுல ஒரு பிள்ளை அம்பாசமுத்திரம். மாசக்கணக்கா ஒரு நாள் லீவு இல்லாம வேலை பாக்கான். எங்க பேச்சைக் கேட்டுட்டு முதல் நாளே வந்து, "அண்ணாச்சி, பிரானூர் பார்டர்ல பரோட்டா எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். நாங்க சாப்பிடாத சங்கதின்னு சொல்லாம, இவுக சால்னா வாசம் வரைக்கும் வர்ணிச்சாக. அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. மறுநாளுல இருந்து எங்களுக்கு மட்டும் தயிர் தனியா வருது. நீங்க குடுத்துவிட்ட நாரத்தங்காய் ஊறுகாயில பாதி அவனுக்குப் போச்சு. மீதியை ஆக்லாந்துல கரைக்குக் கொண்டு போகக் கூடாது. சொல்லாம கொண்டு போனா நியூசிலாந்துல 400 டாலர் அபராதம். இவுக பையை நானே ரெண்டு தடவை சோதிச்சுட்டேன், முறுக்கு ஒண்ணு அகப்பட்டுச்சு.

ராத்திரி கோட்டு சூட்டு போட்டுத்தான் வரணும்னு சில நாள் வைப்பாங்க. அவங்கவங்க ஊர் உடுப்பும் செல்லும். இவுக பட்டு வேட்டி, சட்டை, நேரியல் சகிதமா மேல் தளத்துல போனாக. கடல் காத்து எல்லாப் பொம்பளைங்க முடியையும் கலைச்சுப்போட்டுச்சு, இவுக வேட்டி அசையலை. நம்ம கோயில் கோபுர வாசல் காத்துல வேட்டியைப் பிடிச்சுப் பழகின கை. அன்னைல இருந்து எங்க மேசையில இவுகதான் ராசா.

அந்த மேசைதான் இப்போ பிரச்சினை. எங்ககூட சாப்பிடுறது டெக்சாஸ் அம்மா ஒருத்தரும், இங்கிலாந்துக்காரப் புருசன் பொண்டாட்டியும். தினமும் ராத்திரி இவுக அருவி அருவியாச் சொல்லி, எண்ணெய் தேய்ச்சு விடுறது, ராத்திரியில விளக்கு வெளிச்சத்துல குளிக்கிறது, குரங்கு சோப்பைத் தூக்கிட்டு ஓடுறது வரைக்கும் நடிச்சுக் காட்டிட்டாக. மூணு பேரும் வாரோம்னு சொல்லிட்டாங்க. சும்மா சொல்லலை மதினி, விசாவுக்கு விசாரிச்சாச்சு.

மே மாசம் இறங்கி, ஜூன்ல சாரல் விழுந்ததும் நாங்க எல்லாரும் அங்க இருப்போம். அருவியில தண்ணி விழுதான்னு பாத்து அண்ணனை ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க. மாடியில அறையை எல்லாம் ஒழிச்சுப் போட்டு வையுங்க. டெக்சாஸ் அம்மாவுக்கு ஒண்ணு, இங்கிலாந்துக்காரங்களுக்கு ஒண்ணு, உங்க அண்ணாச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

இப்படிக்கு,
உங்க அன்புள்ள நாத்தனார்