சிறு பாய்மரப் படகில் வெந்நீர்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வின் நோக்கம்: பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகில் வெந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்டறிதல். ஆய்வின் எல்லை: படகின் இரு முனைகள். கருதுகோள்: வெந்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். குழாயைத் திறந்த கணமே இக்கருதுகோள் பொய்த்துவிடுகிறது. அதற்காக நம் பல்கலைக்கழகங்களில் எந்த ஆய்வேட்டையும் நிறுத்துவதில்லை என்பதால் மேலே செல்வோம்.

படகில் வெந்நீர் பெற வழிகள் நான்கு. முதலாவது வெயில் வழி: கறுப்புப் பையில் தண்ணீர் நிரப்பி மேல்தளத்தில் போட்டால், வெயில் அடிக்கும் நாளில் சுடும்.

எரிவாயு வழியில் கவனம் தேவை. காற்றோட்டமில்லாத அறையில் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கசியும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். இங்கே ஆய்வாளர் விளையாடுவதில்லை.

மின் வழி பற்றிக் கணக்கே பேசட்டும். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.93 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1.2 யூனிட்தான் இருக்கும். ஈய-அமில வகையானால் அதில் பாதிக்குமேல் எடுக்க எடுக்க ஆயுள் தேயும். எனவே கரை மின்சாரம் கிடைக்காத இடத்தில் இவ்வழியே குளித்தவர், துண்டை இருட்டில் தேடுவார்.

பெருவழக்கு இயந்திர வழியே. டீசல் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் சுமார் 80 டிகிரியில் சுற்றுகிறது. கலோரிஃபையர் என்ற உறையிட்ட தொட்டிக்குள் சுருள் குழாய் வழியாக அதைச் செலுத்தினால், இலவசமாக வெந்நீர். மறுநாள் காலைவரை சூடு நிற்கும். பாயின் பெருமையை நாளெல்லாம் பேசும் மாலுமிகள், மாலையில் நங்கூரமிட்ட பிறகு “பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற” இயந்திரத்தை ஓட்டுவதன் உட்பொருள் இதுவே (சான்று: இயந்திர அறைக் கதவின் உட்புறப் பென்சில் குறிப்பு). ஆனால் பாய்மரக் கடலோடிகளான லின், லாரி பார்டி தம்பதியின் ‘செராஃபின்’ படகில் இயந்திரமே இருக்கவில்லை. 24 அடி 4 அங்குல நீளமுள்ள அதிலேயே உலகைச் சுற்றினார்கள். பெருவழக்குக் கொள்கையை இது அசைத்துவிடுவதால், அறிஞர் மரபுப்படி அடிக்குறிப்பில் ஒளிக்கத்தக்கது.

இனி மூலச் சிக்கல். தொட்டிக்கும் குழாய்வாய்க்கும் இடையே 4 மீட்டர், குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீர் சுமார் 450 மில்லிலிட்டர். வெந்நீர் வருமுன் இது வெளியேறியாக வேண்டும். வீட்டில் இதை யாரும் எண்ணுவதில்லை. நடுக்கடலிலோ நன்னீர் அளந்து செலவிடும் பொருள். ஆகவே கட்சிகள் பிறந்தன.

விடுவோர் கட்சி அந்த அரை லிட்டரையும் கழுவுதொட்டியில் ஓடவிட்டு, கடலில் கலந்த நன்னீரைத் திரும்பிப் பார்க்காது. பொறுப்போர் கட்சி பச்சைத் தண்ணீரிலேயே கழுவத் தொடங்கி, வெந்நீர் வரும்போது வேலையை முடித்துவிட்டிருக்கும் (சான்று: சமையல் மேடைமேல் ஒட்டிய சீட்டு, இரண்டாம் வரி, முதல் வரி நீராவியில் சிதைந்தது). பிடிப்போர் கட்சி அந்நீரைக் கெட்டிலில் பிடித்து, அடுப்பில் ஏற்றித் தேநீருக்குக் காய்ச்சும். அதாவது, வெந்நீருக்காக ஒதுக்கிய தண்ணீரை வெந்நீராக்கும் (சான்று: மேற்படிச் சீட்டின் திருத்திய பதிப்பு, பதிப்பாசிரியர் மாலுமியின் மனைவி, அவர் அடித்துவிட்ட சொற்கள் முதற்படியில் உள்ளன, அச்சிடத் தக்கன அல்ல, சீட்டின் பின்புறம் மளிகைப் பட்டியல், அதில் ‘தேயிலை’ இருமுறை கோடிடப்பட்டிருப்பது பிடிப்போர் கட்சியின் தொன்மையைக் காட்டும் என்பர் ஒரு சாரார், மறந்துபோய் வாங்காததைக் காட்டும் என்பர் மற்றொரு சாரார், இவ்விரு சாராரும் ஒரே கருத்தரங்கிற்கு வருவதில்லை).

தீர்ப்பு பிடிப்போர் பக்கமே. அவர்களுக்குத் தேநீராவது மிஞ்சுகிறது. உள்விட்டம் 10 மில்லிமீட்டரானால் ஆறிய நீர் சுமார் 310 மில்லிலிட்டராகக் குறையும். தொட்டியைக் குழாய்வாயருகே வைத்தால் இன்னும் குறையும். ஆனால் அப்போது ஆய்வுக்குப் பொருளிராது என்பதால் இவ்விரு யோசனைகளையும் நெறியாளர் நீக்கச் சொல்லக்கூடும்.

படகு வாங்க எண்ணும் வாசகர்கள் அந்த நான்கு மீட்டரைத் தாங்களே அளந்துகொள்ளவும். ஆய்வாளர் அளக்கவில்லை, மேற்கோள் காட்டியதோடு சரி.