ஓரமாப் போ பெருசு

இன்று காலை ஆறேகால் மணி. மறைமலை அடிகள் பாலத்து நடைபாதையில் என் அடிகள் 4,312 ஆகியிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஹாரன். திரும்பினால் மோட்டார் சைக்கிள். ரோட்டில் இல்லை, நடைபாதையில். "ஓரமாப் போ பெருசு" என்றான். நடைபாதையே ரோட்டுக்கு ஓரம்தான். அதற்கும் ஓரம் அடையாறு. ஆற்றில் இறங்கச் சொல்கிறான் என்று எனக்கு உறைப்பதற்குள் முழங்கையை உரசிக்கொண்டு போய்விட்டான்.

மனிதன் நிம்மதியாக நடக்கும் ஊரையும் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்தேன். வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன். அந்தப் பக்கம் வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன் என்று ஒரு ரயில் ஓடியிருக்கிறது. 1951-இல் ஆள் ஏற்றுவதை நிறுத்தினார்கள், 1968-இல் சரக்கையும். பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்டு, நடப்பதற்கும் சைக்கிள் விடுவதற்கும் கொடுத்துவிட்டார்கள். 72 கிலோமீட்டர். இருபுறமும் மரங்கள், ஓடைகள், ஆங்காங்கே சதுப்பு. ஹெர்ண்டன் ரயில் நிலையம் இப்போது மியூசியம். நாமும் சளைத்தவர்கள் இல்லை. பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது, நாம் அது ஓடும்போதே தண்டவாளத்தில் நடக்கிறோம். ரயில் சாகும்வரை காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அங்கே வலப்பக்கமாக நடக்க வேண்டும். பின்னால் வரும் சைக்கிள்காரர் தாண்டுமுன் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார். உன் இடப்பக்கமாக வருகிறேன், நீ பாட்டுக்குப் போ என்று அர்த்தம். ஐம்பது வருஷம் சென்னையில் குப்பை கொட்டியவன் காதில் அப்படியா விழும்? லெஃப்ட் என்றால் லெஃப்டுக்குப் போ. போனேன், நேராகச் சைக்கிளுக்கு முன்னால். அவர் புதருக்குள் போய், அங்கிருந்தபடியே என்னிடம் "சாரி" என்றார். மறுநாள் ஒரு அம்மாள். நகராதே என்றது மூளை, கால் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வம்பே வேண்டாம் என்று முதலிலிருந்தே லெஃப்டில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் புதருக்குள். நான்காம் நாள் குரல் கேட்டதும் சிலையாக நின்றேன். பின்னால் ஓடி வந்தவர் அதை எதிர்பார்க்கவில்லை.

என் தப்பா? டிரில் மாஸ்டர் லெஃப்ட் என்றால் இடக்கால் தூக்கி வளர்ந்த உடம்பு இது. ஆட்டோக்காரர் வாயையே திறக்கமாட்டார், இடக்காலை வெளியே நீட்டுவார். அது லெஃப்ட். சில சமயம் கால் மரத்துப்போய் நீட்டியிருப்பார். அது லெஃப்ட் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து உயிரோடு இருப்பவன் நான். ஐந்தாம் நாள் மருமகன் பொறுமையாகச் சொன்னார்: "மாமா, நீங்க பெஞ்ச்ல உக்காந்துக்குங்க." உட்கார்ந்துதான் ஆமை பார்த்தேன், வாத்து பார்த்தேன், காடு முழுக்கக் கூடவே வரும் மின்கோபுரங்களையும் பார்த்தேன். அடிக்கணக்கு அன்றைக்கு 212.

அடிக்கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. போனைச் சார்ஜில் மறந்துவிட்டு நடந்த நடை நடையே இல்லை என்பது நமக்குள் முடிவான விஷயம். ராத்திரி பதினொன்றரைக்குப் பாக்கி 700 அடிக்காக ஹாலில் சோபாவைச் சுற்றி வருவதும் நமக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் தினம் 10,000 அடி என்பது யார் கொடுத்த கணக்கு? 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கவந்தவர்கள், அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும்படி 'மான்போ-கெய்' எனப் பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர் வைத்தியச் சீட்டாகிவிட்டது. நம் ஊர் வியாபாரியைப் பாருங்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான், அர்மீனியர். 1726-இல் இதே அடையாற்றுக்கு மார்மலாங் பாலம் கட்டினார், பரங்கிமலைக்குப் படியும் கட்டிக்கொடுத்தார். ஏறினவனிடம் எத்தனை அடி என்று கேட்கவில்லை.

இப்படிப் புலம்பிக்கொண்டே 6,040-இல் டிபன் கடைக்கு வந்துவிட்டேன். சைதாப்பேட்டையில் நடப்பவன் வடகறியில்தான் போய் முடிவான். நடந்து கரைத்ததை ஒரே கிண்ணத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதை எண்ணக் கருவி இல்லை.

"வடகறி இப்பதான் தீர்ந்துச்சு சார். கடைசி அவருக்கு."

அவர் என்றது அவனை. வாசலில் அதே மோட்டார் சைக்கிள், நடைபாதையில். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, என் வடகறியில் இட்லியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

"லெஃப்ட்ல வரேன், தம்பி" என்றேன்.

இலையைத் தூக்கிக்கொண்டு லெஃப்டுக்கு நகர்ந்தான்.