வடிகலையார்

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி நியூஜெர்சியிலிருந்து வந்ததும் சாதாரணத் தகப்பனார் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வார். பழைய ஹெரால்டு கார் வைத்திருக்கும் தகப்பனார் காலண்டரை எடுப்பார். பிரசவம் ஜூனில். ஏப்ரல் கடைசியில் கிளம்பினால் அக்டோபரில்தான் திரும்ப முடியும். அப்படியானால் அக்னி நட்சத்திரம் முழுக்க வண்டி ஷெட்டில் நிற்கும். வந்து இறங்கும்போது ஐப்பசி மழை பிடித்திருக்கும். டாங்கில் கிடக்கும் பெட்ரோலுக்கு இதைவிடப் போதாத காலம் உண்டா? “என்னங்க, தாத்தா ஆகப்போறீங்க” என்று மனைவி இரண்டாம் முறை உரக்கச் சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

நங்கநல்லூர், அசோக் நகர், அடையாறு என்று தனி வீடும் அதில் ஒரு கார் ஷெட்டும் இன்னும் மிச்சமிருக்கிற பேட்டைகளில் இவரைப் பார்க்கலாம். ஏதாவது ஒரு வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். கார் அவர் அப்பா வாங்கியது. விலாசம் கேட்க வாசலில் நின்றாலே போதும், வரலாறு வந்துவிடும். “வண்டலூர்ல செஞ்ச கார் சார் இது. நம்ம ஊர்ச் சரக்கு!” 1961 முதல் ஸ்டாண்டர்டு கம்பெனி அங்கே ஹெரால்டு செய்ததையும், அதன் உடம்பை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர் என்பதையும், எஞ்சின் 948 சிசி என்பதையும் சொல்லி, நாலு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில்கூடக் கிடையாது, 1968ல் இந்தியாவில்தான் வந்தது என்று முடிப்பார். தன்னுடையது இரண்டு கதவுதான் என்பதை மட்டும் அந்த இடத்தில் சொல்ல மாட்டார். பிறகு பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துக் காட்டுவார். விலாசம் கேட்டவர் அதற்குள் பஸ்ஸை விட்டிருப்பார்.

மற்றவர்கள் காலத்தைத் தேர்தல்களை வைத்து நினைவு வைத்துக்கொண்டால் இவர் பெட்ரோலை வைத்து நினைவு வைத்திருக்கிறார். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது; 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்தது நாடு முழுக்க நின்றது. ஈயம் போனால் பழைய வால்வ் சீட்டுகள் தேயும் என்று அப்போதே செலவு செய்து அவற்றை மாற்றினார். 2022ல் பத்து சதவிகிதம் எத்தனால் வந்தது. 2023 பிப்ரவரியில் இருபது சதவிகிதம் சில பெட்ரோல் பங்குகளில் எட்டிப் பார்த்து, 2025க்குள் எல்லாப் பங்குகளிலும் உட்கார்ந்துகொண்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்கும் காசு வரும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். “நல்ல திட்டம்தான். ஆனா என் கார் அதுக்கு ஓட்டுப் போடலியே!” என்பார்.

இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. ரசாயனம் அவர் பக்கம் இருக்கிறது. சும்மா நிற்கிற பெட்ரோலில் சுலபமாகப் பற்றிக்கொள்ளும் மெல்லிய அம்சங்கள்தான் முதலில் ஆவியாகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகி, பழைய வார்னிஷ் நாற்றத்தோடு கார்ப்ரேட்டர் ஜெட்டின் ஊசித் துளையில் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்திருந்தால் இன்னும் விசேஷம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பகல் வெயிலில் டாங்க் மூச்சை விடும், இரவில் இழுக்கும்; சென்னையில் அது இழுப்பது கடல் காற்று. ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பர் டியூப் ஊறி உப்பும்; கார்ப்ரேட்டரின் துத்தநாக உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

சரி, வண்டியை நிறுத்துமுன் என்ன செய்வது? இங்கேதான் பழைய கார்க்காரர்கள் வடகலை, தென்கலை போல இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வாய்வரை பெட்ரோல் நிரப்பி நிறுத்து என்பவர்கள் நிறைகலை. ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டு நிறுத்து என்பவர்கள் வடிகலை. டாங்கில் காற்றுக்கு இடமில்லையென்றால் ஈரத்துக்கும் இடமில்லை, துரு பிடிக்காது, ரப்பரும் காயாது என்பது நிறைகலையின் வாதம். கலப்பில்லாத பெட்ரோல் காலத்தில் அதை யாரும் அசைக்க முடிந்ததில்லை. ஈரத்தை இழுக்கும் திரவத்தையே நிரப்பி வைத்துவிட்டு ஈரம் வராது என்கிறாயே என்பது வடிகலையின் கேள்வி. வெறும் இரும்பு டாங்க் கடலோர ஊரில் ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் உள்ளே என்ன ஆகும் என்று நிறைகலை திருப்பிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார்கள் கூடும் இடங்களில் இந்தச் சண்டையைக் காது குளிரக் கேட்கலாம். வார்த்தை தடித்தாலும் காபிக் காசை ஒருவரே கொடுத்துவிடுவார் என்பது ஓர் ஆறுதல்.

நம்மவர் பரம வடிகலை. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே புதுப்பேட்டைக்குப் போய்விடுவார். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் டியூப் வேண்டும். கடைக்காரர் காட்டும் ஒவ்வொன்றையும் வளைத்து, மோந்து, மேலே அச்சடித்திருப்பதைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பார். “பாய், இதுல ஆர்-9னு போடலையே?” கடைக்காரர் பாயும் சளைத்தவரில்லை. “சார், எழுத்துதான் இல்ல. டியூப்பு அதேதான்!”

வடிக்கிற நாள் அநேகமாக அமாவாசையாக அமையும். அவர் பார்த்து வைப்பதில்லை, அமைந்துவிடுகிறது. ஹெரால்டின் டாங்க் பின்னால் டிக்கியிலேயே ஒரு பக்கமாக இருப்பதால் வேலை சுலபம். ஆனால் சுலபமாகச் செய்வதில் அவருக்கு ருசியில்லை. பெட்ரோலை கேன்களில் இறக்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி, டாங்கைக் கழற்றி இப்படியும் அப்படியும் சாய்த்து உள்சுவர் முழுக்க எண்ணெய் பூசுவார். பிறகு பம்ப். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். திருகைத் தளர்த்திக் கம்பியை ஒதுக்கினால் குமிழ் கையோடு வரும்; அடியில் செம்மண் நிறத்தில் மெல்லிய கசடு. அதைச் சுட்டுவிரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “பார்த்தியா, டாங்க்ல துரு ஆரம்பிச்சிடுச்சு” என்று மனைவியிடம் காட்டும்போது அந்த அம்மாள் கையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கும்.

கார்ப்ரேட்டரைக் காயவைப்பதைக் கடைசிக்கு வைத்திருப்பார். பம்புக்குப் போகும் குழாயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிடுவார். கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் தீரத் தீர ஓட்டம் தடுமாறும்; நின்றது என்று நினைக்கும்போது ஒரு தடவை தானாகவே வேகம் பிடித்து, பிறகு அடங்கும். அப்போதும் நம்ப மாட்டார். மேல்மூடியைக் கழற்றி, மிதவையைத் தூக்கி, கிண்ணத்தின் மூலையில் நிற்கும் கடைசித் துளிகளைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தவந்த மெக்கானிக் பையனின் கையைத் தட்டிவிடுவார். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், காற்றடித்துத்தான் ஊத வேண்டும். இதுவும் உண்மையே. பையனுக்கு இதை முந்தைய ஆண்டும் சொல்லியிருப்பார் என்பதுதான் பையனின் குறை.

வடித்த பெட்ரோலுக்கு ஒரு கதி காட்ட வேண்டுமே! விற்பனைக்கு இல்லையென்றால் முப்பது லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று அவர் பிரிவு எண்ணோடு சொல்வார். வீட்டுக்கார அம்மாளின் சட்டத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒரு லிட்டருக்குக்கூட இடமில்லை. கடைசியில் தங்கை மகனின் பைக், பால்காரர் ஸ்கூட்டர், எதிர்வீட்டு ஜெனரேட்டர் என்று தர்மம் நடக்கும். அந்த ஒரு வாரம் தெருவில் அவருக்கு இருக்கிற செல்வாக்கு கவுன்சிலருக்குக் கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகு அவருடைய பரம விரோதி வீட்டுக்கு வருவார். நல்ல மனிதர், மைத்துனர். சாவியை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார். “நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க அத்தான். வாரம் ஒரு தடவை நான் வந்து ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு வைக்கிறேன்.”

தமிழ்நாட்டில் நிற்கிற எந்தக் காருக்கும் யாரும் இலவசமாகச் சொல்லும் யோசனை இது. அவருக்கு இதைவிடப் பாதகம் கிடையாது. அஞ்சு நிமிஷத்தில் எஞ்சின் சரியாகச் சூடாகாது. எரிந்த புகையில் இருக்கிற நீராவி சைலன்ஸரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும். பாடுபட்டுக் காயவைத்த கார்ப்ரேட்டர் மறுபடி நனையும். ஓட்டினால் அரை மணி ஓட்டு, இல்லாவிட்டால் தொடாதே. இதைப் பொறுமையாக விளக்கத்தான் ஆரம்பிப்பார். மைத்துனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சரி அத்தான், அப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை” என்பார். பாட்டரி வயரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவது அன்று ராத்திரிதான். சாவியை மட்டும் மைத்துனரிடம் கொடுப்பார். உறவு முக்கியமில்லையா?

பெட்டி கட்டியது, ஏர்போர்ட், விமானம் எல்லாம் மனைவியின் பொறுப்பில் நடந்தவை, அவருக்கு ஞாபகமில்லை.

நியூஜெர்சியில் மூன்றாம் நாள் தூக்கம் தெளிந்ததும் மாப்பிள்ளையின் கராஜைத் திறந்து பார்க்கிறார். மூலையில் புல் வெட்டும் மெஷின். மூடியைத் திறந்து மோந்து பார்த்ததும் முகத்தில் ஒரு தேஜஸ் வருகிறது. வார்னிஷ் நாற்றம்!

“மாப்பிள்ளை, இதுல எப்பப் பெட்ரோல் போட்டது?”

“போன அக்டோபர்ல மாமா. கிளம்பவே மாட்டேங்குது. கடையில குடுக்கணும்.”

“கடையா? ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

ஊர்சுற்றிக் காட்டவென்று அழைத்துப்போன மாப்பிள்ளையை ஹார்டுவேர் கடைக்குத் திருப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றும் மருந்து அலமாரி நிறைய அடுக்கியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். சென்னையில் இதில் ஒரு பாட்டில் வாங்க என்ன பாடுபட்டிருக்கிறார்! புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான் பலிக்கும், கெட்டதை இது திருத்தாது, ஊற்றிப் பத்து நிமிஷம் ஓடவிட்டால்தான் கார்ப்ரேட்டர் வரை போகும் என்று அங்கே நின்ற ஓர் அமெரிக்கருக்கு விளக்கினார். அவர் பக்கத்துத் தெருக்காரர். வீட்டில் பனி தள்ளும் மெஷின் ஒன்று மார்ச்சிலிருந்து அப்படியே நிற்கிறதாம்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் பேத்தி பிறந்த செய்தி வந்தபோது அவர் அந்தத் தெருக்காரர் வீட்டு கராஜில் இருந்தார். போட்டது போட்டபடி ஓடிவந்தவரை ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே மனைவி மறித்தார்.

“முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. பச்சைக் குழந்தைகிட்ட பெட்ரோல் நாத்தத்தோட வருவாங்களா?”

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

“அவ்வளவா இல்லையே. இந்த ஊர்ல எத்தனால் பத்து பர்சென்ட்தான்.”