கற்பனை அணி, நிஜ முழங்கால்

நிஜ வீரர்களின் ஆட்டக் கணக்கை வைத்துக் கற்பனை அணிகள் மோதும் ஃபேன்டஸி பேஸ்பாலில், 2024 சீசனுக்கு அணி சேர்த்த அமெரிக்கர்களில் பலர் முதலில் அள்ளியது ரொனால்ட் அகுன்யாவை. சும்மாவா? முந்தைய வருஷம் 41 ஹோம் ரன், 73 பேஸ் திருட்டு. ஆனால் மே மாதம் பிட்ஸ்பர்க்கில் அவருடைய இடது முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. பந்து வீச நம்பியிருந்த ஸ்பென்சர் ஸ்ட்ரைடரின் முழங்கையோ ஏப்ரலிலேயே கைவிரித்துவிட்டது. ‘இந்த வருஷம் பந்து வீசமாட்டாரே’ என்று, பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஓட்டானியைத் தாண்டிப்போன புத்திசாலிகளும் உண்டு; மனிதர் மட்டையை மட்டும் வைத்துக்கொண்டு 54 ஹோம் ரன், 59 திருட்டு! 1980-இல் இந்தப் பித்தைத் தொடங்கிவைத்த டேனியல் ஓக்ரென்ட்டே தன் லீகில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பாவம், செப்டம்பர் ராத்திரி ஒரு மணிக்கும் கடைசி இடத்திலுள்ள கற்பனை அணியின் ‘முதலாளி’ மாற்று ஷார்ட்ஸ்டாப் தேடிக்கொண்டிருப்பார். மறுநாள் ஆபீஸ் உண்டு.